அந்த வாய்ஸ் பேசினது நான்தானுங்க

அக்கா, அக்கா, ஒரு நிமிசம். அந்த வாய்ஸை நிறுத்தாதீங்க. மொதல்ல இருந்து இன்னொருக்கா போடுங்க. ஆ, இதா வருது பாருங்க, "உங்க வீட்டுல பால் பொங்கோணும்னு எங்க வீட்டுல உலை பொங்காமப் பண்ணிப்போட்டீங்களே கவுன்சிலரே." அது நான்தானுங்க. நெசமாத்தான். இந்தத் தொண்டைதான்.

சிரிக்காதீங்கக்கா. உங்களுக்கு இதை அனுப்பினவங்க கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, அதைப் படிங்க பாக்கலாம். "பெண் குரலில் பேசிய ஆண் சிக்கினார்." பாத்தீங்களா! இதுதானுங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது. பேசினது நான். பேரு வாங்கினது இன்னொருத்தர். அந்தா, டிரைவருக்குப் பின்னால கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, கட்டம் போட்ட சட்டை, தோள்ல பாப்பாவைப் போட்டுக்கிட்டு, அவருதான் அந்த ஆம்பளை. என்ற வீட்டுக்காரரு. மயில்சாமின்னு பேரு.

அவருகூட நான் பேசறதில்லீங்க இப்ப. அதனாலதான் அவரு அங்க, நான் இங்க.

பொதுவாவே நான் பேசமாட்டேனுங்க. கூச்ச சுபாவம். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்தப்ப, "பொண்ணு ஊமையா?"ன்னு அவங்க சித்தி கேட்டுப்போட்டாங்க. கடைக்குப் போனாலும் சாமானைக் கை காட்டித்தான் வாங்குவேன். எங்க ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, நாகமணின்னா அந்த வாயில்லாத புள்ளையாம்பாங்க. நாலு பேரு முன்னால நின்னு வாயைத் தொறந்தா காத்துதான் வரும்.

ஆனா ஃபோன்ல வரும். அது எப்படின்னு எனக்கே தெரியலை. படிப்பு எனக்கு அஞ்சாவதோட சரிங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சுடுவேன், எழுதச் சொன்னா கை வராது. அந்த மைக் படத்தை அமுக்கிப் பேசறது இருக்குல்லீங்க, அதைக் கண்டுபுடிச்சவன் நல்லா இருக்கோணும். பள்ளிக்கூடத்துல பாதியில நின்னவளுக்கெல்லாம் அவன்தான் வாய் குடுத்தான். சமையல்கட்டுல செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, ஃபோனை வாய்க்குக் கிட்டப் புடிச்சேன்னா, எங்க இருந்துதான் வருமோ, மடை தொறந்தாப்பல வரும்.

அந்த ஆப்ல ஒண்ணே ஒண்ணுதான் புடிக்காது, அப்டேட்டு. நம்ம கேக்காமயே வந்து எல்லாத்தையும் இடம் மாத்திப்போடும். நம்ம சமையல்கட்டுல எவளோ பூந்து மொளகாப்பொடி டப்பாவையும் காப்பித்தூள் டப்பாவையும் மாத்தி வச்சுட்டுப் போனாப்பல. அதை விடுங்க.

எங்க ஊரு செங்காட்டுப்புதூருங்க. மேட்டுத் தெரு. குழாயில தண்ணி வாரத்துக்கொருக்கா வந்தா அது விசேசம். எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, வந்தா ஒரு மணி நேரம். அதுக்காகத்தான் கேபிள் டிவி குணசேகரண்ணன் ஒரு குரூப்பு ஆரம்பிச்சாரு, "மேட்டுத் தெரு தண்ணீர்"னு. யாரு மொதல்ல பாத்தாலும் "தண்ணி வந்துருச்சு"ன்னு சொல்லிறோணும். அவ்வளவுதான் குரூப்பு. ஆனா நம்ம சனம் அவ்வளவோட நிக்குமா? சாமி படம், சீரக வைத்தியம், புள்ளை புடிக்கறவன் வர்றான்னு போட்டோ, எல்லாம் வரும். நானும் ரெண்டு மூணு போட்டோவை வந்த கையோட அனுப்பி விட்டிருக்கேன். "இவனையெல்லாம் விசாரிக்கவே கூடாது, புடிச்சதும் உள்ள போட்டுப் பூட்டோணும்"னு வாய்ஸும் போட்டிருக்கேன். அது வேறங்க. அது ஊரு நல்லதுக்குப் பேசறது.

அந்த வாரம் தண்ணி வரலை. அடுத்த வாரமும் வரலை. குடத்தையெல்லாம் வரிசையில வச்சுட்டு வாசலையே பாத்துட்டுக் கிடக்கறோம். ஒரு நா காலையில பாப்பாவுக்குப் பிஸ்கெட் வாங்கப் போறேன், வாட்டர் டேங்க்குக்குப் பக்கத்துல ஆறுச்சாமியண்ணன் நிக்கிறாரு. தண்ணி தொறந்து விடறவரு அவருதான். எங்க தெரு வால்வை இறுக்கி மூடிட்டு, கீழ்வீதி வால்வைத் தொறக்கறாரு. கீழ்வீதியில என்னன்னா, கவுன்சிலர் வீட்டுக்காரரு சென்னியப்பன் புதுசா மாடி வீடு கட்டி, மறுநா பால் காய்ச்சறாங்க. தரைக்கடியில கட்டின சம்புத் தொட்டி ரொப்போணுமாம். ஊரையே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்களாமா.

வீட்டுல அரிசி கழுவக்கூடத் தண்ணி இல்லாம, பக்கத்து வீட்டுல ஒரு சொம்பு கடன் வாங்கி வச்சிருக்கேன். ஆறுச்சாமியண்ணனை நேர்ல கேக்கலாமுல்ல? கேக்கலையே. தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் தாண்டி வந்தேன். வீட்டுக்கு வந்து செவுத்தைப் பாத்து நின்னேன், மைக்கை அமுக்கினேன்.

அதைத்தானுங்க இப்ப நீங்க கேட்டது.

அது பாருங்க, எங்க தெருவைத் தாண்டிப் போகும்னு நான் நெனைக்கவே இல்லை. மத்தியானத்துக்குள்ள டீக்கடையில ஓடுது. ஆட்டோல ஓடுது. எவனோ பின்னால நாதஸ்வரம் போட்டு விட்டிருக்கான். கறிக்கடைப் பாய் "உலை பொங்குச்சாம்மா?"ன்னு போறவங்களையெல்லாம் கேட்டுச் சிரிக்கறாரு. நான் முக்காடு போடாத குறையா ஓரமா நடந்து வர்றேன், ஆனா உள்ளுக்குள்ள, சொன்னா என்னை ஒரு மாதிரி நெனைக்கக்கூடாது, குளுகுளுன்னு இருந்துச்சுங்கக்கா. நம்ம குரலுக்கு ஊரே காது குடுக்குதேன்னு.

சாயங்காலம் பாத்தா குரூப்புல யாரும் பேச முடியாதபடி பண்ணிப்போட்டாரு குணசேகரண்ணன். "அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்"னு வருது. அவருக்குக் கேபிள் லைசென்சு பயம். ஏனுங்க, ஒரு தெருவே பேசற இடத்தை ஒருத்தரு ஒரு பொத்தானை அமுக்கி மூடிற முடியுதுன்னா அது என்னங்க நியாயம்? வால்வை மூடறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்க பால் காய்ச்சி முடிஞ்ச மறுநா நெசமாவே தண்ணி வந்துச்சு, சொல்ல வழியில்லாம பாதித் தெரு புடிக்கவே இல்லை.

அன்னைக்கேதான் போலீசும் வந்துச்சு.

ரெண்டு பேரு. வாசல்ல நின்னு ஒரு சீட்டைப் பாத்து, "இந்த நம்பர் யாருதும்மா?"ன்னு கேட்டாங்க. என்ற நம்பருதான். ஆனா சிம்மு வாங்கறப்ப ஆதார் கார்டு அவரோடதைக் குடுத்துத்தான் வாங்கினோம். எங்க தெருவுல பொம்பளைங்க சிம்மு எல்லாம் அப்படித்தானுங்க, வீட்டுக்காரரு பேரு, இல்லாட்டி மச்சாண்டார் பேரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு உள்ள இருந்து வந்து, "என்றதுதானுங்க"ன்னுட்டாரு. ஃபோனையும் எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. போறப்ப என்னைப் பாத்துக் கண்ணாலயே, வராதேன்னாரு.

இவரு இப்பப் போய் அங்க உக்காரக் கூடாதுங்கக்கா. அதான் விசயமே. ரொம்ப நாளா லோடு வண்டி ஓட்டி ஓட்டி, ராத்திரியும் பகலும் ஊரு ஊராப் போயி, இப்பத்தான் டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேன் டிரைவர் வேலை வர்றாப்பல இருந்துச்சு. புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற வேலைங்கறதால, அவரு மேல கேஸ் எதுவும் இல்லைன்னு போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்டிருக்காங்க. அதுக்கு எழுதிப் போட்டிருக்கற நேரம். ஒரு கேஸ்னு பதிவாச்சுன்னா வேன் போச்சு. மறுபடியும் லோடு வண்டிதான், பாப்பா அவரை வாரத்துக்கொருக்கா பாக்கறதுதான்.

நான் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டுப் பின்னாலயே போயிட்டேன். உள்ள போகலை. போக முடியுங்களா? ஸ்டேசன் முன்னால ஒரு புங்க மரம், அதுக்கடியில நின்னுக்கிட்டேன். ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு, எல்லாம் கேக்குது.

பெஞ்சுல இவரு. பக்கத்துல இன்னொருத்தன், கெணத்து மோட்டாரு திருடினவனாம். அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. "இன்னைக்கு ஜட்ஜ் அய்யா வந்திருக்காரா?"ன்னு அவன் கேக்கறான், "வந்திருக்காரு, மத்தியானத்துக்குள்ள பெயில் ஆயிரும்"னு ஏட்டய்யா சொல்றாரு. சம்பந்தி வீடாட்டப் பேசிக்கறாங்க. இவருக்குத் தண்ணிகூடக் குடுக்கலை. திருடினவனுக்கு டீயி, பேசினவனுக்கு வெறும் பெஞ்சா? என்னங்க சட்டம் இது? அந்தத் திருடன் மூஞ்சியைப் போட்டோ எடுத்து எல்லா குரூப்புலயும் போட்டு விடலாம்னு கை பரபரங்குது, ஃபோன் உள்ள எஸ்.ஐ. மேடம் மேசையில இருக்குது. இல்லாட்டி போட்டிருப்பேன்.

எஸ்.ஐ. மேடம் கேக்கறாங்க, "ஏம்ப்பா, வாய்ஸ் பொம்பளை வாய்ஸா இருக்கு. யாரு பேசினது?"

இவரு சொன்னாரு பாருங்க, "நான்தானுங்க மேடம் பேசினேன். ஆப்பு போட்டு பொம்பளைக் குரல்ல பேசினேனுங்க."

எனக்கு மரத்தடியில தூக்கிவாரிப் போட்டுருச்சு.

"எந்த ஆப்பு?"

"அது வந்துங்க, குரலு மாத்தற ஆப்புங்க."

இந்த மனுசனுக்கு ஃபோன்ல பச்சை அமுக்கினா எடுக்கறது, சிவப்பு அமுக்கினா வைக்கறது, அவ்வளவுதாங்க தெரியும்! அலாரம் வைக்கறதுக்கே என்னைக் கூப்பிடுவாரு. மேடம் விடுவாங்களா? "பேசிக் காட்டு"ன்னுட்டாங்க. ஒரு சின்ன வயசுப் போலீசுதம்பி அவரு ஃபோன்லயே அந்த மாதிரி ஒண்ணை எறக்கினாரு. எறக்கினதும் வருது விளம்பரம். சீட்டு விளையாடுங்குது, லோன் வேணுமாங்குது, இடுப்பு வலிக்குதாங்குது. எல்லாத்தையும் தாண்டி, இவரு கிட்டக் குடுத்தாங்க. இவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "தண்ணி வரலீங்க"ன்னாரு. ஃபோனு திருப்பிச் சொல்லுது, அணில்புள்ள பேசினா எப்படியிருக்கும், அப்படி. கீச்சு கீச்சுன்னு. அந்தத் திருடன் டீயைத் துப்பிப்போட்டான். போலீசுதம்பி இன்னொண்ணை அமுக்கினாரு, இப்பக் கெணத்துக்குள்ள இருந்து பேயி கூப்புடறாப்பல, "தண்ணீ... வரலீங்க..." மேடம் ஒரு ஃபைலைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாங்க.

கவுன்சிலர் வீட்டுக்காரரு சென்னியப்பன் அங்கதான் சேர் போட்டு உக்காந்திருக்காரு. "மேடம், இது சிரிக்கற விசயம் இல்லீங்க. ஒத்துக்கிட்டான்ல? எழுதுங்க. இவன் மேல ஒரு எஃப்ஐஆர் போடாம நான் போகமாட்டேன்"ங்கறாரு.

மேடமும் பேனாவை எடுத்துட்டாங்க. "பேரு சொல்லுப்பா."

அப்ப எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். சென்னியப்பன் மேல இல்லீங்க, இவரு மேல! அது என்ற வாய்ஸு. ஊரே கேட்டு, ஊரே சிரிச்சு, ஊரே நியாயம்னு சொன்ன வாய்ஸு. பொறந்ததுல இருந்து நான் வாயைத் தொறந்து ஒண்ணு சொல்லி நாலு பேரு கேட்டது அது ஒண்ணுதான். அதைப் போயி, ஆப்புல பேசினேன், என்றதுன்னு எழுதிக் குடுக்கப் போறாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கோணுமா இல்லையா? வேன் வேலையும் போயி, என்ற பேச்சும் போயி, என்ன கணக்குங்க இது?

உள்ள போயிட்டேன். எப்படிப் போனேன்னு தெரியலை. மேடம் நிமிர்ந்து, "என்னம்மா?"ன்னாங்க. வாயைத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு. இவரு எந்திரிச்சு, "இவ என்ற சம்சாரமுங்க. இவளுக்குப் பேச வராதுங்க. நீ போ நாகு"ங்கறாரு. நான் மேசையில இருந்த என்ற ஃபோனைக் கையைக் காட்டினேன். "என்ன, ஃபோன் வேணுமா?"ன்னு மேடம் ஒரு மாதிரி பாத்தாங்க. அப்பறம் என்ன நெனைச்சாங்களோ, நீட்டினாங்க.

பாப்பாவை இவரு கையில குடுத்தேன். திரும்பி, செவுத்துல ஒட்டியிருந்த தலைக்கவசம் போடுங்கற படத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, மைக்கை அமுக்கினேன்.

"மேடம், வாய்ஸ் பேசினது நானுங்க. இந்த மனுசன் சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னாலே சொல்லமாட்டாருங்க, இவரா போயி கவுன்சிலரைக் கேட்டிருப்பாரு? வால்வை மூடினதை நான் பாத்தேனுங்க. கடன் வாங்கின சொம்புத் தண்ணியில அரிசி கழுவினது நானுங்க. உங்க வீட்டுல பால் பொங்கோணும்னு எங்க வீட்டுல உலை பொங்காமப் பண்ணிப்போட்டீங்களேன்னு சொன்னதும் நானுங்க. கேஸ் போடறதுன்னா என்ற பேருல போடுங்க. எழுதிக்கங்க, நாகமணி."

இன்னும் என்னென்னமோ பேசினேன். அப்பறம் விரலை எடுத்தேன். அந்தத் திருடன்தான் மொதல்ல, "அட, அதே வாய்ஸுங்க மேடம்!"ன்னான்.

சென்னியப்பன் விடுவாரா? "அப்ப இவ மேல எழுதுங்க"ன்னாரு.

மேடம் புகார்ச் சீட்டை எடுத்துப் பாத்தாங்க. "புகார் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"பரிமளாதேவின்னு போட்டிருக்கு. அது நீங்களா?"

"என்ற சம்சாரமுங்க. அவங்கதானே கவுன்சிலரு."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க. அவங்களுக்குப் பதிலா நீங்க ஆப்புல பேசிக்காட்ட வேண்டாம்."

பரிமளக்கா வந்தாங்க. எங்க வார்டு கவுன்சிலரை நான் அவ்வளவு கிட்டத்துல பாக்கறது அன்னைக்குத்தான். போஸ்டர்லகூட வீட்டுக்காரரு படம் பெருசா இருக்கும், அவங்க ஓரமாக் கும்பிட்டுட்டு நிப்பாங்க. மீட்டிங்குக்குப் போறதும் அவரு, பேசறதும் அவரு. மேடம் கேட்டாங்க, "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. போடச் சொன்னாரு, போட்டேன்."

"வாய்ஸாவது கேட்டீங்களா?"

கேக்கலையாம். ஊரே கேட்டுச்சு, யாரைப் பத்திப் பேசினனோ அவங்க மட்டும் கேக்கலை. அவங்க ஃபோனு அவரு சட்டைப் பையில இருக்குமாம். மேடம் போட்டு விட்டாங்க. நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். பரிமளக்கா தலையச் சாய்ச்சுக் கேட்டாங்க. பால் பொங்கற இடம் வந்ததும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. சிரிக்கறாங்களா அழுகறாங்களான்னு பாத்தேன். சிரிப்புதான்.

"இந்தப் புள்ளை சொல்றது நெசந்தானுங்க மேடம்"னாங்க. "சம்பு ரொம்பி வாசல்ல எல்லாம் ஓடுச்சு. நிறுத்தச் சொல்லுங்கன்னு இவருகிட்ட நான் சொன்னேன். கேக்கலை. புகாரு வேண்டாங்க, என்ற பேரை அதுல இருந்து எடுத்துருங்க."

சென்னியப்பன் "ஏய், பரிமளா!"ன்னாரு. அந்தக்கா திரும்பியே பாக்கலை. அவரு சேரை விட்டு எந்திரிச்சு வெளியில போயி புல்லட்டை உதைச்ச சத்தம் கேட்டுச்சு. அந்தக்கா ஆட்டோலதான் போனாங்க.

அவ்வளவுதாங்க, கேஸ் இல்லை. இவரு சர்ட்டிபிகேட்டும் வந்துருச்சு, அடுத்த திங்கக்கெழமையில இருந்து வேன்ல ஏறறாரு. ஆனா இந்த நியூஸ்காரனுங்க இருக்கானுங்களே, எவனோ ஸ்டேசன்ல இருந்தவன் பாதியைச் சொல்ல, பாதியைக் கேட்டுட்டுப் போட்டுட்டானுங்க, ஆம்பளை சிக்கினான்னு. அவனுங்களையெல்லாம் உள்ள தூக்கிப் போட்டுப் பூட்டோணும். விசாரிக்கவே கூடாது.

போறப்ப மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன்ற வீட்டுக்காரர் தங்கமான மனுசன்மா, உனக்காக எவ்வளவு தூரம் வந்தாரு பாத்தியா?"ன்னாங்க. நீங்களும் அதைத்தான் சொல்ல வர்றீங்க, மூஞ்சியிலயே தெரியுது. எல்லாரும் அதையே சொல்லுங்க. வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு. "உன்னை உக்கார வச்சா பாப்பா அழுகும். நானுன்னா பரவாயில்லை"ங்கறாரு. கேட்டீங்களா காரணத்தை? பாப்பா அழுகுமாம்! என்ற வாய்ஸு போகுதேன்னு ஒரு கவலை இருக்குதா பாருங்க. அன்னையில இருந்து பேசறதில்லை. இப்பக்கூடப் பாருங்க, நான் நிம்மதியாப் பேசட்டும்னு பாப்பாவைத் தூக்கிட்டுப் போயி நின்னுக்கிட்டாரு. கை வலிக்கும், மாத்திக்கவும் தெரியாது.

இதா, டவுன் வந்துருச்சு. எங்கயா? சிம்மு கடைக்குத்தானுங்க. நம்பரை என்ற பேருக்கு மாத்தப் போறோம். ஆதார் கார்டு எடுத்து வச்சிருக்கேன். இவரும் வந்து, மாத்திக் குடுக்கறதுக்குச் சம்மதம்னு கைரேகை வைக்கோணுமாம், அதனாலதான் கூட்டிட்டு வந்தேன், வேற ஒண்ணுமில்லை.

இனிமே நான் எதையாச்சும் பேசி, போலீசு வந்தா வரட்டுங்க. வாசல்ல வந்து நின்னு, "நாகமணி யாரு?"ன்னு கேக்கட்டும். அதுக்கு இந்த மனுசன் எப்படி "நான்தானுங்க"ன்னு சொல்றாருன்னு நானும் பாக்கறேன்.